புதுப் பையன் பிடிப்பானா?

பிரெஞ்சில் 'ரெசெவேர்' என்று ஒரு சொல் உண்டு. நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் வரி வசூலிக்கும் அதிகாரி. இன்னொருவர் பேருந்தில் காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர். கனடாவில் பிரெஞ்சு பேசும் கெபெக் மக்களிடம் கேட்டால் மூன்றாவதாக ஒருவரைக் காட்டுவார்கள். ஆடுகளத்தின் ஓரத்தில் தனியாக நின்று, சைகை கிடைத்ததும் ஓடி, தலைக்கு மேலே வரும் பந்தை எட்டிப் பிடிப்பவர். அவருக்கு அங்கே 'ரெசெவேர் எலுவாஞே' என்று பெயர். தள்ளி நின்று வாங்குபவர் என்று பொருள். அமெரிக்காவில் அவரை வைட் ரிசீவர் என்கிறார்கள்.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பேரனோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் பேசும் பேச்சே மாறிவிடுகிறது. "தாத்தா, இந்த வருஷம் என் ரூக்கி ரிசீவர் எத்தனை பாயிண்ட் எடுப்பான்னு பாருங்க" என்கிறார்கள். நாமும் "நல்லா வருவான்யா" என்று சொல்லிவிட்டு விழிக்கிறோம். அது என்ன விளையாட்டு, யார் தொடங்கியது, புதிதாக வரும் பையனைப் பற்றி எதை வைத்துச் சோதிடம் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பேரேடு எழுதிய கைக்கு அது அத்தனை அந்நியமாகத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த விளையாட்டே ஒரு பேரேடுதான்.

முதலில் மைதானத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் கடற்கரை மணலில் ஆடிய கால்பந்து அல்ல. இரு பக்கமும் பதினொரு பேர். பந்து முட்டை வடிவம். கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு போய்ச் சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளி. பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அதைப் பிடிப்பவர்களில் முக்கியமானவர் நம் வைட் ரிசீவர். கல்லூரியை விட்டு அந்த ஆண்டுதான் தொழில்முறை அணிக்கு வந்தவர் என்றால் அவர் ரூக்கி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவனை 'ப்ளோ', அதாவது நீலம் என்பார்கள். சொல்தா வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ரூக்கியும் அதே சங்கதிதான்.

இனி ஃபேன்டஸி விளையாட்டு. பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்கிறார்கள். உண்மையான 32 அணிகளில் ஆடும் வீரர்களை முறை வைத்து ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு வாராவாரம் அந்த வீரர் மைதானத்தில் உண்மையில் செய்தது இவர் கணக்கில் புள்ளியாக ஏறும். இன்று பரவலாக இருக்கும் கணக்கு இது: ஒரு பந்தைப் பிடித்தால் 1 புள்ளி, 10 கெஜத்துக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6 புள்ளி. நம் நாட்டில் கிரிக்கெட்டை வைத்து ட்ரீம் 11 நடத்தினார்களே, அதற்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிறந்த ஆண்டு 1962. நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே ஆண்டு. கலிபோர்னியாவில் ஓக்லண்டு ரைடர்ஸ் என்று ஓர் அணி. அந்த ஆண்டு அது ஆடிய 14 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. அந்த அணியில் சிறு பங்கு வைத்திருந்தவர் வில்ஃப்ரெட் விங்கன்பாக் என்னும் வணிகர். அணியோடு கிழக்குக் கரைக்குப் போயிருந்தபோது நியூயார்க் ஓட்டல் ஒன்றில், அணியின் விளம்பர அலுவலர் பில் டன்னல், 'ஓக்லண்டு டிரிப்யூன்' நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங் இருவரோடும் உட்கார்ந்து இந்த விளையாட்டின் விதிகளை எழுதினார். அதற்கு முன்பே அவர் கோல்ஃப் ஆட்டக்காரர்களையும் பேஸ்பால் ஆட்டக்காரர்களையும் வைத்து இப்படிப்பட்ட கணக்கு விளையாட்டுகளை நண்பர்களோடு நடத்தியிருந்தார். சொந்த அணி நாள்தோறும் தோற்றுக்கொண்டிருக்கும்போது, தோற்காத ஓர் அணியைக் காகிதத்தில் கட்டிக்கொள்ள ஆசை வருவது இயல்புதான்.

ஊர் திரும்பியதும் எட்டு அணிகள் கொண்ட ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், 'பெரிய ஓக்லண்டு தொழில்முறைப் பன்றித்தோல் ஆரூடக்காரர்கள் சங்கம்'. பந்தைப் பன்றித்தோல் என்று செல்லமாகச் சொல்வது அங்கே வழக்கம். 1963 ஆகஸ்டில் விங்கன்பாக் வீட்டில் முதல் தேர்வு நடந்தது. ஆண்டி மூசலிமாஸ் என்னும் மதுக்கடைக்காரர் முதல் ஆளாக ஜார்ஜ் பிளாண்டாவைத் தேர்ந்தெடுத்தார். பிளாண்டா அப்போது ஹூஸ்டன் ஆய்லர்ஸ் அணியின் குவாட்டர்பேக். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்; பின்னால் வேறொரு காரணத்துக்காக வருவார். அந்த நாளில் கெஜக் கணக்கு கிடையாது. புள்ளி விழுந்தால்தான் காசு; அதுவும் சில்லறைக் காசு. ஆண்டுக் கடைசியில் வந்தவருக்கு, கோமாளிக் குல்லாய் மாட்டிய மரப் பந்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்துத் தலைகுனிய வைத்தார்களாம்.

மூசலிமாஸ் 1969-ல் இந்த விளையாட்டைத் தம் மதுக்கடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஊருக்குள் பரவியது. 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் எழுத்தாளர் பேஸ்பாலுக்கு இதே போன்ற ஒன்றைத் தொடங்கினார். நண்பர்கள் கூடிய உணவகத்தின் பெயர் 'லா ரோத்திஸ்ரி ஃபிரான்சேஸ்'. இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டு விற்கும் கடைக்கு ரோத்திஸ்ரி என்று பெயர். அந்த விளையாட்டுக்கும் அமெரிக்கர்கள் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆடியவர்களில் பலர் பத்திரிகை, பதிப்பகம் என்று இருந்தவர்கள். எழுதி எழுதியே நாடு முழுக்கப் பரப்பினார்கள். அதுவரை வாரந்தோறும் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருவர் பென்சிலால் கூட்டிப் போட்டுத்தான் வெற்றி தோல்வி சொல்ல வேண்டும். 1999-ல் யாகூ நிறுவனம் இலவசமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கியதும் பென்சில் போயிற்று. பிறகு வந்த கூட்டத்துக்கு அளவே இல்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் இந்தக் கூட்டத்தைத் தூங்கவிடாமல் அடிக்கும் கேள்வி ஒன்றுதான். புதிதாக வந்த ரிசீவரை எடுக்கலாமா, வேண்டாமா? பழைய ஆட்டக்காரருக்குப் பணிப்பதிவேடு இருக்கிறது. புதுப் பையனுக்கு நற்சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது.

நம் காலத்தில் எழுத்தராகச் சேர்ந்தால் தகுதிகாண் பருவம் என்று இரண்டு ஆண்டுகள் தருவார்கள். கோப்பைத் தொலைத்தாலும் திட்டிவிட்டு விடுவார்கள். இந்தப் பையன்களுக்குப் பதினேழு ஆட்டங்கள். அதிலும் முதல் நான்கு ஆட்டத்தில் ஒன்றும் பிடிக்காவிட்டால், கற்பனை அணிக்காரர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள்.

பொறுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரிசீவர் வேலை வெறும் ஓட்டம் அல்ல. அவர் ஓட வேண்டிய பாதைகளுக்கு எண்கள் உண்டு, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. எதிரணிக் காவலர் எப்படி நிற்கிறார் என்று ஓடிக்கொண்டே படித்து, அதற்கேற்பப் பாதையை மாற்ற வேண்டும். குவாட்டர்பேக்கும் அதையே படித்து, ரிசீவர் திரும்புமுன்பே அவர் வரப்போகும் இடத்துக்குப் பந்தை எறிந்துவிடுவார். இருவரும் ஒரே மாதிரி படிக்காவிட்டால் பந்து எதிரி கையில். இந்தப் புரிதல் ஒரே மாதத்தில் வந்துவிடாது. ஆகையால் 1990-களில் ஃபேன்டஸிக்காரர்களிடம் ஒரு வாய்மொழி இருந்தது: ரிசீவர் மூன்றாம் ஆண்டில்தான் பழுப்பான்.

அதற்குச் சாட்சியாக அவர்கள் காட்டியவர்களில் ஒருவர் ஜெர்ரி ரைஸ். செங்கல் அடுக்கும் கொத்தனார் மகன். அப்பாவோடு வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் வீசும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியவர். 1985-ல் சான் பிரான்சிஸ்கோ 49ers அணி அவரைப் பதினாறாவதாக எடுத்தது. முதல் ஆண்டில் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டு, சொந்த ஊர் ரசிகர்களிடமே ஏச்சு வாங்கினார். அந்த ஆண்டு 49 பிடிப்புகள், 927 கெஜம், 3 டச்டவுன். ஆனால் அந்த டிசம்பரிலேயே ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே இரவில் 241 கெஜம் எடுத்தார். மூன்றாம் ஆண்டு 12 ஆட்டங்களில் 22 டச்டவுன். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 22,895 கெஜம் இருந்தது. அதை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அக்டோபரில் அவரைக் கைவிட்டவர்கள் டிசம்பரில் என்ன நினைத்திருப்பார்கள்!

ஆனால் முதல் ஆண்டிலேயே வெடித்தவர்களும் தொடக்கம் முதல் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி பாகிஸ்தானைத் தோற்கடித்துத் தங்கம் வென்றதை வானொலியில் கேட்டவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். அதே ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை 10.0 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர் பாப் ஹேஸ். மறு ஆண்டே அவர் டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் ரிசீவராக இறங்கினார். 46 பிடிப்புகள், 1003 கெஜம், 12 டச்டவுன். ஆளுக்கு ஆள் காவல் நின்றால் அவரைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும், எதிரணிகள் இடத்துக்கு இடம் காவல் நிற்கும் முறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஓட்டக்காரர் ஒருவர் ஆட்டத்தின் காவல் முறையையே அசைத்துவிட்டார்.

அதைப் பார்த்து வேகம்தான் எல்லாம் என்று நினைத்தவர்களுக்குப் பின்னாளில் பாடம் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸ் நகரில் கல்லூரிப் பையன்களை வரிசையாக நிற்க வைத்து 40 கெஜம் ஓடச் சொல்லி நேரம் குறிக்கிறார்கள். 2017-ல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவதாக எடுத்தது. முதல் ஆண்டு முழுவதும் அவர் பிடித்த பந்துகள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

எல்லாருடைய முதல் ஆண்டையும் இன்றைய கணக்கில் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஓர் ஆசை. பிடிப்பு, கெஜம், டச்டவுன் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு காகிதத்தில் கூட்டினேன்.

பில் குரோமன், 1960: 14 ஆட்டம், 72 பிடிப்பு, 1473 கெஜம், 12 டச்டவுன். மொத்தம் 291.3 புள்ளி.
ஜெர்ரி ரைஸ், 1985: 16 ஆட்டம், 49 பிடிப்பு, 927 கெஜம், 3 டச்டவுன். மொத்தம் 159.7.
ரேண்டி மாஸ், 1998: 16 ஆட்டம், 69 பிடிப்பு, 1313 கெஜம், 17 டச்டவுன். மொத்தம் 302.3.
அன்குவான் போல்டின், 2003: 16 ஆட்டம், 101 பிடிப்பு, 1377 கெஜம், 8 டச்டவுன். மொத்தம் 286.7.
ஓடெல் பெக்காம் ஜூனியர், 2014: 12 ஆட்டம், 91 பிடிப்பு, 1305 கெஜம், 12 டச்டவுன். மொத்தம் 293.5.
ஜமார் சேஸ், 2021: 17 ஆட்டம், 81 பிடிப்பு, 1455 கெஜம், 13 டச்டவுன். மொத்தம் 304.5.
புக்கா நக்குவா, 2023: 17 ஆட்டம், 105 பிடிப்பு, 1486 கெஜம், 6 டச்டவுன். மொத்தம் 289.6.

முதல் வரியைப் பாருங்கள். பில் குரோமன் ஒஹையோவில் ஹைடல்பெர்க் என்னும் சிறிய கல்லூரியில் படித்தவர். எந்த அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. 1960-ல் புதிதாகத் தொடங்கிய லீக்கில் ஹூஸ்டன் அணிக்குத் தாமாகப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பந்து எறிந்தவர் யார்? மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த ஜார்ஜ் பிளாண்டாதான். மூன்று ஆண்டுகள் கழித்து முதல் ஃபேன்டஸி தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், அந்த விளையாட்டுப் பிறக்குமுன்பே ஒரு புதுப் பையனை உச்சியில் ஏற்றி வைத்திருந்தார். குரோமனின் 1473 கெஜம் 63 ஆண்டுகள் முறியாமல் நின்றது. 2024 ஜனவரியில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில்தான் நக்குவா அதைத் தாண்டினார். அதற்கு அவருக்கு 17 ஆட்டங்கள் கிடைத்தன. குரோமனுக்குக் கிடைத்தவை 14. ஆட்டத்துக்கு இத்தனை என்று வகுத்தால் குரோமன் 20.8, நக்குவா 17.0. பெக்காம் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் ஆடாமல், வந்த பிறகு 24.5 என்று போனார். பொறுத்திருந்தவர்களுக்கு அது லாட்டரி.

இன்னொன்றும் கவனித்தேன். விதியை மாற்றினால் வரிசையே மாறிவிடுகிறது. 1963-ல் விங்கன்பாக் வீட்டில் செய்ததுபோல் டச்டவுனை மட்டும் எண்ணினால் மாஸ் 17, சேஸ் 13, குரோமனும் பெக்காமும் 12. நக்குவா 6-தான்! 105 பந்து பிடித்தும் கடைசிக்கு முந்தின இடம். ஆகவே பேரன் 'இவன் எப்படி' என்று கேட்டால், முதலில் 'உங்கள் சங்கத்தில் என்ன கணக்கு' என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்பதை ஒரே ஆட்டம் எனக்குக் காட்டியது. 2003 செப்டம்பர் 7, டெட்ராய்ட் நகரம். லயன்ஸ் அணிக்கும் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்கும் முதல் ஆட்டம். இரு பக்கமும் ஒவ்வொரு புது ரிசீவர். டெட்ராய்ட் பக்கம் சார்ல்ஸ் ராஜர்ஸ். அதே மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்னும் ஊரில் பிறந்து, அதே மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து, நாடு முழுவதற்குமான தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட சொந்த ஊர்ப் பையன். அரிசோனா பக்கம் அன்குவான் போல்டின். 40 கெஜ ஓட்டத்தில் நேரம் அதிகமாகிவிட்டதால் பின்னுக்குத் தள்ளப்பட்டு 54-ஆவதாக எடுக்கப்பட்டவர். கல்லூரியில் முழங்கால் அடிபட்டு ஒரு பருவம் முழுவதும் ஆடாதவர்.

தேர்வுக்கு கெபெக்கில் 'ரெப்பெஷாழ்' என்கிறார்கள். நீரிலிருந்து மறுபடி தூக்கி எடுப்பது என்று சொல்லலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தேறுவதற்கு ஓரிரு மதிப்பெண் குறைந்த பையனைத் தேர்வாளர்கள் இரக்கப்பட்டுத் தூக்கிவிடுவது. போல்டின் எடுக்கப்பட்ட விதத்துக்கு எங்கள் பொருள்தான் பொருந்தும்.

அன்று ராஜர்ஸ் இரண்டு டச்டவுன் பிடித்தார். அவர் அணி வென்றது. ஊரே கொண்டாடியது. தோற்ற பக்கத்தில் போல்டின் 10 பந்துகளைப் பிடித்து 217 கெஜம் எடுத்தார். முதல் ஆட்டத்தில் எந்தப் புதுமுகமும் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது அவருக்கே போனது. பதினான்கு பருவங்கள் ஆடினார். பால்டிமோர் அணியோடு சூப்பர் பவுல் வென்றார்.

ராஜர்ஸ் ஐந்து ஆட்டங்கள் ஆடினார். பயிற்சியில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மறு ஆண்டு, முதல் ஆட்டம் தொடங்கி மூன்றாவது முறை பந்து எடுத்தபோதே அதே எலும்பு மறுபடி முறிந்தது. வீட்டில் உட்கார்ந்தார். வலி மாத்திரை பழகியது. 2005-ல் போதைப்பொருள் விதியை மீறியதற்காக நான்கு ஆட்டங்கள் தடை. 2006-ல் அணி அவரை விடுவித்தது. மொத்தம் மூன்று பருவங்கள், 15 ஆட்டங்கள், 36 பிடிப்புகள். என் கணக்கில் வாழ்நாள் புள்ளி 104. 2019-ல் 38 வயதில் இறந்துபோனார்.

இந்த 104 என்னும் எண்ணை எழுதியபின் சிறிது நேரம் பேனாவை வைத்துவிட்டேன். 2003-ல் ராஜர்ஸை எடுத்த கற்பனை அணிக்காரர்களுக்கு அவர் வீணாய்ப்போன ஒரு தேர்வு. அடுத்த ஆண்டு அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அடுத்த எலும்பு இல்லை. பேரேட்டில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடிப்பது எளிது. அலுவலகத்தில் ஆள்களின் ரகசியக் குறிப்பேடுகளைக் கையாண்டவர்களுக்கு இது தெரியும். 'எதிர்பார்ப்பை எட்டவில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கும். அந்த ஆண்டு அந்த மனிதர் வீட்டில் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது.

சரி, புதுப் பையனைப் பற்றி ஏதாவது சொல்லத்தான் முடியுமா? வரலாற்றைப் பார்த்தால் சில குறிகள் தென்படுகின்றன.

ஒன்று, எறிபவர் யார் என்பது. ஜமார் சேஸ் 2020 முழுவதும் ஆடவில்லை. 2021 பயிற்சி ஆட்டங்களில் பந்துகளைத் தவறவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் தொழில்முறைப் பந்தில் இல்லாததால் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றார். பத்திரிகைகள் சிரித்தன, பலர் அவரைப் பட்டியலில் கீழே தள்ளினார்கள். ஆனால் சின்சினாட்டியில் அவருக்குப் பந்து எறிந்தவர் ஜோ பர்ரோ. லூசியானா கல்லூரியில் சேஸுக்கு எறிந்த அதே கை. பருவம் தொடங்கியதும் 1455 கெஜம். பயிற்சி ஆட்டத்தில் தவறியதைவிட, பழகிய கை பெரியது.

இரண்டு, நாற்காலி காலியா என்பது. அலுவலகத்தில் மூத்த எழுத்தர் நீண்ட விடுப்பில் போனால் இளையவனுக்குக் கோப்புகள் வந்து குவியும். 2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் மூத்த ரிசீவர் கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இறங்கவில்லை. ஐந்தாம் சுற்றில் 177-ஆவதாக எடுக்கப்பட்ட நக்குவாவுக்கு இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் 10 பிடிப்பு, இரண்டாவதில் 15. அதே நகரத்தில், அதே மைதானத்தில் ஆடும் சார்ஜர்ஸ் அணி முதல் சுற்றிலேயே, 21-ஆவதாக எடுத்த குவென்டின் ஜான்ஸ்டன் அந்த ஆண்டு முழுவதும் 38 பந்துதான் பிடித்தார். தேர்வு எண் கதவைத் திறக்கும். உள்ளே உட்கார நாற்காலி வேண்டும்.

மூன்று, அவரை நோக்கி எத்தனை பந்து எறியப்படுகிறது என்பது. டச்டவுன் என்பது ஓரளவு அதிர்ஷ்டம். ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. ஆனால் குவாட்டர்பேக் ஒவ்வோர் ஆட்டத்திலும் இவரைத் தேடி எட்டு, பத்து முறை எறிகிறார் என்றால் நம்பிக்கை பிறந்துவிட்டது என்று பொருள். பிடிப்பு பின்னாலேயே வரும்.

நான்கு, காலம் மாறியிருக்கிறது என்பது. 1978-ல் ஒரு விதி வந்தது. முதல் 5 கெஜத்துக்குப் பிறகு ரிசீவரைக் காவலர் இடித்துத் தள்ளக் கூடாது. எறிந்து ஆடும் ஆட்டம் அன்று தொடங்கி வளர்ந்துகொண்டே வந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளே கோடை முழுக்க எறிந்து பிடித்துப் பழகுகிறார்கள். கல்லூரிகளும் அப்படியே ஆடுகின்றன. ஆகையால் மூன்றாம் ஆண்டில்தான் பழுப்பான் என்ற வாய்மொழி 2014-க்குப் பிறகு செல்லுபடியாகவில்லை. அந்த ஒரே ஆண்டில் பெக்காம், மைக் எவன்ஸ், கெல்வின் பெஞ்சமின் என்று மூன்று புதுமுகங்கள் 1000 கெஜத்தைத் தாண்டினார்கள்.

இந்த நான்கும் கூடி வந்தாலும் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. எலும்பு. அதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. விங்கன்பாக் கூட்டத்தில் சில்லறை கைமாறியது, சிரித்துவிட்டுப் போனார்கள். இன்று அங்கே பெரும் பணம் புரள்கிறது. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அங்கே அப்படி இல்லை. பணம் போனவர்கள், பந்தைத் தவறவிட்ட இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு நேரடியாகவே வசைச் செய்தி அனுப்புகிறார்கள் என்று படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே அடுத்த முறை பேரனோ பேத்தியோ அழைத்து, "தாத்தா, என் ரூக்கி எப்படி?" என்று கேட்டால் விழிக்காதீர்கள். யார் எறிகிறார், மூத்தவன் இருக்கிறானா, எத்தனை பந்து அவனைத் தேடி வருகிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். நான்கு வாரத்தில் கைவிட்டுவிடாதே என்று ஜெர்ரி ரைஸ் கதையைச் சொல்லுங்கள். அப்படியே, அந்தப் பையனுக்கு அடிபட்டுவிட்டது என்று சொன்னால், எத்தனை புள்ளி போயிற்று என்று கேட்குமுன் அவன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். பிள்ளைகள் அதையும் நம்மிடம் கற்றுக்கொள்ளட்டும்.